பொழுதெழுதும் கைக்கடிகாரம்

காலத்தைப் பற்றி மாந்தர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டனுள் அடங்கும். 'இப்பொழுது மணி என்ன?' என்பது ஒன்று. 'இஃது எவ்வளவு நேரம் நிகழ்ந்தது?' என்பது மற்றொன்று. முன்னது காலமென்னும் நெடுங்கோட்டில் ஒரு புள்ளியை நாடுவது. பின்னது இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட தூரத்தை அளக்க விழைவது. இவ்விரு கேள்விகளும் மக்கள் உள்ளத்தில் எவ்வளவு இயல்பாக எழுவன என்பதற்கு எம் ஊராகிய திருவண்ணாமலையே தக்க சான்று தரும்.

கார்த்திகைத் தீபத் திருநாளன்று மாலை 6 மணி அளவில், 2,668 அடி உயர்ந்த மலையின் உச்சியை நோக்கியவண்ணம் மக்கள் இலட்சக்கணக்கில் நிற்பர். திருக்கோயிலுள் அர்த்தநாரீசுவரர் வெளிப்போந்து காட்சி தரும் அவ்வேளையிலேயே மலைமேல் தீபம் ஏற்றப்படும். அக்காட்சி சில நிமிட நேரமே நிற்பது. கூட்டத்திலுள்ளார் தீபத்திற்கு முன்னர்க் கைக்கடிகாரத்தை நோக்குவதும், பின்னர் 'எத்தனை நிமிடம் கண்டோம்' எனத் தம்முள் வினவிக்கொள்வதும் ஆண்டுதோறும் யாம் கண்டும் கேட்டும் வருவன.

மற்றொரு நிகழ்ச்சியும் ஈண்டு நினைவுகூரத் தக்கது. 1950ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 14ஆம் நாள் இரவு இரமண மகரிஷி இவ்வூரில் உயிர் நீத்தனர். அன்று இங்குத் தங்கியிருந்த பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே பிரெஸ்ஸோன், ஒளிவால் கொண்ட எரிமீன் ஒன்று வானில் மெல்லச் சென்று மலைக்குப் பின்னே மறையக் கண்டார். கண்டதும் அவர் செய்த முதற்செயல் தம் கடிகாரத்தைப் பார்த்ததே. மணி 8.47. மகரிஷி மறைந்த நேரமும் அதுவே எனக் குறிக்கப்பட்டுள்ளது. கணப்பொழுதைப் படமாக்குவதையே தம் கலையாகக் கொண்ட அப்பெரியார்க்கு, அக்கணத்தின் எண்ணை அறிந்துகொள்ளாமல் அமைய இயலவில்லை. அரியதொன்று நிகழுங்கால் அதன் பொழுதைப் பற்றிக்கொள்ள விரும்புதல் மனித இயற்கை.

பொழுதைச் சுட்டுவதற்கு எல்லாக் கடிகாரமும் உதவும். தொடக்கத்தையும் முடிவையும் நம் விரலே குறித்து, இடைப்பட்ட நேரத்தை வேறாக அளந்து காட்டுவது ஒருவகைக் கடிகாரத்திற்கே உரியது. அதனை 'குரோனோகிராப்' என்பர். அதன் வரலாற்றையும் அமைப்பையும், பழையதொன்று பழுதுபடாது நம் கைக்கு வருமாயின் உள்ளம் அதன்பால் ஈர்க்கப்படுவதன் காரணத்தையும் இக்கட்டுரையிற் சுருங்க உரைப்பாம்.

பெயரும் பிறப்பும்

இடைப்பொழுதை அளத்தல் தமிழர்க்குப் புதியதன்று. நாளொன்றை 60 நாழிகையாகவும், நாழிகை ஒன்றை 60 விநாழிகையாகவும் நம் முன்னோர் பகுத்தனர். நாழிகை என்பது 24 நிமிடம். விநாழிகை என்பது 24 வினாடி. சிறு துளையுடைய வட்டிலையும் நீரையும் கொண்டு நாழிகையை அளந்து அரசனுக்கு அறிவித்த நாழிகைக் கணக்கரைப் பத்துப்பாட்டுள் ஒன்றாகிய முல்லைப்பாட்டிற் காணலாம். பாசறையிலே, இரவிலே, போருக்கு நடுவே அவர் தொழில் நிகழ்கிறது. வட்டில் நிரம்பும் அளவே அவர்க்கு அலகு. அந்நீர் தன் போக்கில் ஒழுகுவது. வேண்டியபோது நிறுத்தவும் வேண்டியபோது தொடங்கவும் தக்க கருவி பல நூற்றாண்டு கழித்தே தோன்றிற்று.

கிரேக்க மொழியில் 'குரோனோஸ்' என்பது காலம். 'கிராபோ' என்பது எழுதுதல். ஆதலின் குரோனோகிராப் என்னும் சொற்குப் 'பொழுதெழுதி' எனப் பொருள் கொள்ளலாம். இப்பெயர் வெறும் உவமையாக வந்ததன்று. 1821ஆம் ஆண்டில் பாரிஸ் நகரிலே குதிரைப் பந்தயம் ஒன்றில் நிக்கொலா ரியுசெக் என்னும் கடிகாரக் கம்மியர் ஒரு கருவியைப் பயன்படுத்தினார். ஒவ்வொரு குதிரையும் எல்லைக்கோட்டைக் கடக்கும்போது அவர் பொத்தானை அழுத்த, சுழலும் தட்டின்மேல் மைத்துளி ஒன்று வீழ்ந்து அப்பொழுதினைக் குறித்தது. மெய்யாகவே அக்கருவி பொழுதை எழுதிற்று. இந்நாளைய கடிகாரம் மையால் எழுதுவதில்லையேனும் பழம்பெயர் நிலைத்துவிட்டது.

நெடுங்காலம் ரியுசெக்கே இக்கருவியை முதலிற் கண்டவர் என உலகம் கருதிற்று. லூயி முவாநே என்பார் அவர்க்கும் முன்னர், 1816ஆம் ஆண்டில், வான்மீன்களின் செலவை அளத்தற்பொருட்டு ஒரு வினாடியை 60 கூறாகப் பகுத்துக் காட்டும் கருவி ஒன்றைச் செய்து முடித்திருந்தார் என்பது 2013ஆம் ஆண்டிலேதான் வெளியாயிற்று. அக்கருவியே சிதையாமல் கிடைத்தமையால் இவ்வுண்மை புலப்பட்டது. பழம்பொருள் மாற்றமின்றிப் பாதுகாக்கப்படுதலின் பயனை இது நன்கு காட்டும். இதனைப் பின்னரும் எடுத்துக்கொள்வோம்.

பின்னர் 1844இல் அடால்ப் நிக்கோல் என்பார், அளந்து முடித்த முள்ளை ஒரே அழுத்தில் தொடக்க இடத்திற்குத் திருப்பும் வழியைக் கண்டு உரிமை பெற்றார். 1913இல் லொன்ஜீன் நிறுவனம் இவ்வியந்திரத்தைக் கையிற் கட்டுதற்கேற்பச் சிறிதாக்கியது. தொடங்கவும் நிறுத்தவும் திருப்பவும் ஒரே பொத்தான் இருந்த நிலை மாறி, 1934இல் பிரைட்லிங் நிறுவனம் இரண்டாவது பொத்தானையும் அமைத்தது. நிறுத்திய முள்ளை மீண்டும் விட்ட இடத்திலிருந்தே ஓடச்செய்தல் அதனால் எளிதாயிற்று. இன்று நாம் காணும் வடிவம், நடுவே சாவியும் அதன் மேலும் கீழும் ஒவ்வொரு பொத்தானும் உடையது, அக்காலத்தே நிலைபெற்றதாகும்.

உள்ளே நிகழ்வது

சாவி கொடுக்குங்கால் முறுக்கேறும் வில், சக்கரங்கள் வாயிலாகத் தன் வலியைச் சிறிது சிறிதாக விடுகின்றது. மயிரிழை போன்ற மற்றொரு வில்லோடு இணைந்து இடமும் வலமும் ஆடும் பாலன்ஸ் சக்கரம், அவ்வலி ஒருங்கே பாய்ந்துவிடாமல் எண்ணி எண்ணி விடுகின்றது. பழைய கடிகாரங்களுட் பலவற்றில் இவ்வாட்டம் மணிக்கு 18,000. அஃதாவது வினாடிக்கு 5. இத்துணையும் எல்லாக் கைக்கடிகாரத்திற்கும் பொது.

பொழுதெழுதியிலோ இதன் மேல் மற்றொரு யந்திரம் அமர்ந்துள்ளது. மேற்பொத்தானை அழுத்தியதும், கோட்டைக் கொத்தளம் போலத் தூண்கள் சூழ்ந்த சிறு சக்கரம் ஒன்று ஒரு படி திரும்பும். அதன் தூண்களுக்கு இடையே நெம்புகோல் ஒன்றின் நுனி வீழ, ஓடிக்கொண்டிருக்கும் சக்கரம் ஒன்று நகர்ந்து நடுமுள்ளின் சக்கரத்தோடு பல்லுக்குப் பல் பொருந்தும். நடுமுள் ஓடத் தொடங்கும். மீண்டும் அழுத்தின், தூண் அந்நுனியை வெளியே தள்ளும், இணைப்பு விலகும், முள் நிற்கும். இத்தனையும் ஓர் அணாக் காசினும் சிறிது பெரிய வட்டத்துள்ளே, தலைமயிரினும் நுண்ணிய இடைவெளிகளில் நிகழ்கின்றன. தூண்சக்கரத்திற்கு மாறாக, வெட்டிய தகடுகளால் இவ்வேலையைச் செய்யும் எளிய அமைப்பும் உண்டு. அதனாற் பொழுதெழுதியின் விலை குறைந்து, நடுத்தரக் குடும்பத்தார் கைக்கும் அஃது எட்டிற்று.

முள்ளைத் தொடக்க இடத்திற்கு மீட்கும் வழி இவற்றினும் வியப்புடையது. நடுமுள்ளின் அச்சில் இருதய வடிவினதாகிய சிறு தகடு ஒன்று பொருத்தப்பட்டுள்ளது. கீழ்ப்பொத்தானை அழுத்தியதும் சிறு சுத்தி ஒன்று அதன் விளிம்பின்மேல் வீழும். விளிம்பு எங்கும் சரிவாக இருத்தலின், சுத்தி எவ்விடத்து வீழ்ந்தாலும் தகடு வழுக்கிச் சுழன்று, அச்சுக்கு மிக அணித்தாகிய பள்ளம் சுத்தியின்கீழ் வந்த பின்னரே அமைதியுறும். அப்போது முள் பூச்சியத்தில் நிற்கும். முள் எத்துணைத் தொலைவு ஓடியிருப்பினும், 1 வினாடியாயினும் 59 வினாடியாயினும், திரும்புதல் ஒரே கணத்தில், ஒரே இடத்திற்கு. பழைய பொழுதெழுதியை முதன்முறை கையிலெடுப்போர் இப்பொத்தானையே பன்முறை அழுத்திப் பார்ப்பதை யாம் கண்டிருக்கிறோம். கருவி தன் காரணத்தைக் கைவிரலுக்கே உணர்த்துகின்றது. மின்பொறிகள் உள்ளே என்ன செய்கின்றன என்பதை இங்ஙனம் நம்மால் உணர இயலாது.

முகத்தில் எழுதிய கணக்குகள்

பழைய பொழுதெழுதியின் முகத்தைப் பார்த்தவர் முதலில் மயங்குவர். சிறு வட்டங்கள் இரண்டோ மூன்றோ இருக்கும். ஓரத்தில் நுண்ணெண்கள் நெருங்கி நிற்கும். முறையறிந்தால் மயக்கம் நீங்கும். சிறு வட்டங்களுள் ஒன்று இடையறாது ஓடும் வினாடியைக் காட்டும். மற்றொன்று, நடுமுள் எத்தனை சுற்றுச் சுற்றிற்று என்பதை 30 நிமிடம் வரையில் எண்ணும். மூன்றாவது வட்டம் உளதாயின் அது 12 மணி வரையில் எண்ணும். முழுமதி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலம் வரும் எம் நண்பர், தொடங்குமிடத்தில் ஒருமுறையும் முடியுமிடத்தில் ஒருமுறையும் பொத்தானை அழுத்துவராயின், இடையே எதனையும் நினைவில் வைக்க வேண்டுவதில்லை.

ஓரத்தெண்கள் மூவகைப்படும். முதலாவது வேகமானி. விழுப்புரத்திலிருந்து எம் ஊர் வழியாகக் காட்பாடிக்குச் செல்லும் இரயிலில் அமர்ந்து, ஒரு கிலோமீட்டர்க் கல்லைக் கடக்கும்போது முள்ளை ஓடவிட்டு, அடுத்த கல்லில் நிறுத்துக. 45 வினாடி ஆயிற்றெனின் முள் நிற்குமிடத்தில் 80 என்றிருக்கும். வண்டியின் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். ஒரு மணிக்குரிய 3,600 வினாடிகளை 45ஆல் வகுத்த கணக்கைக் கடிகாரஞ் செய்தவர் முன்னரே வகுத்து எழுதி வைத்துள்ளார்.

இரண்டாவது நாடிமானி, மருத்துவர்க்கு உரியது. 30 துடிப்பு எண்ணுவதற்கென வரையப்பட்ட முகத்தில், நோயாளியின் நாடியைப் பற்றி 30 துடிப்பை எண்ணி முடித்தவுடன் முள்ளை நிறுத்தினால், நிமிடத்திற்கு எத்தனை துடிப்பென்பது நேரே தெரியும். 25 வினாடியில் 30 துடிப்பாயின், விடை 72. எம் ஊர்க்கு வடக்கே வேலூரில் 1918ஆம் ஆண்டு ஐடா ஸ்கடர் அம்மையார் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கிய காலத்திலே, நாடி பார்த்தற்கு விரலும் வினாடிமுள்ளுமே கருவிகள். நோயாளியின் கையை ஒரு கையாற் பற்றி, மறுகையின் மணிக்கட்டை நோக்கி நிற்கும் மருத்துவரின் தோற்றம் நம் பாட்டிமார் பலர் நினைவில் இன்றும் உள்ளது.

மூன்றாவது தூரமானி. மின்னல் தோன்றியதும் முள்ளை ஓடவிட்டு, இடியொலி கேட்டதும் நிறுத்தினால், மின்னிய இடம் எத்துணைத் தொலைவில் உள்ளதென்பதை இது காட்டும். ஒளி தோன்றியவுடனே நம்மை எய்துகின்றது. ஒலியோ ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 வினாடி எடுத்துக்கொள்கின்றது. ஐப்பசி மழையில் மலைக்கு அப்பால் மின்னி 6 வினாடி கழித்து இடிக்குமாயின், அம்முகில் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் தூரத்ததென்று அறியலாம். உலகப் போர்க் காலத்தில் பீரங்கிப் படையினர் பகைவரின் பீரங்கி நின்ற தொலைவைக் கணிக்க இதனையே கையாண்டனர்.

சென்னையில் நிகழ்ந்த சோதனை

இத்தூரமானியின் கணக்கைத் தலைகீழாக்கி, தூரத்தை முன்னரே அளந்து வைத்துக்கொண்டு ஒலியின் வேகத்தைக் கண்டறிந்த சோதனை நம் தமிழ்நாட்டிலேயே நிகழ்ந்ததென்பது நம்மவருட் பலர் அறியாதது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792ஆம் ஆண்டு முதல் வானியல் ஆய்வு நிலையம் ஒன்று இருந்தது. அதன் தலைவராகிய ஜான் கோல்டிங்காம், 1820, 1821 ஆம் ஆண்டுகளில், செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் நாள்தோறும் வேட்டிடப்படும் பீரங்கிகளைத் தம் சோதனைக்குப் பயன்படுத்திக்கொண்டார். கோட்டை அவரிருந்த இடத்திற்கு இரண்டரை மைலுக்குச் சற்று மேற்பட்ட தூரம். பரங்கிமலை ஐந்தரை மைலுக்குச் சற்று மேற்பட்ட தூரம். பீரங்கி வாயிலில் ஒளி தோன்றியது முதல் ஒலி செவிப்பட்டது வரையில் உள்ள நேரத்தை அவர் நாள்தோறும் கணித்துவந்தார்.

அவர் கண்ட வேகம் வினாடிக்கு 1,100 அடிக்கு மேற்பட்டது. அதனினும் சிறந்தது, அவ்வேகம் என்றும் ஒருபடித்தாய் இராமல், வெப்பத்திற்கும் காற்றிற்கும் ஈரத்திற்கும் ஏற்பத் திங்கள்தோறும் மாறிற்று என்பதை அவர் கண்டதே. இம்முடிவுகள் 1823ஆம் ஆண்டு இலண்டன் இராயல் சங்கத்தின் வெளியீட்டில் அச்சேறின. ஒருநாட் கணக்கைக் கொண்டு அவர் அமைந்திருந்தால் இவ்வேறுபாடு புலப்பட்டிராது. பல திங்கள் பொறுமையுடன் எண்ணியமையே அவர்க்குப் பயன் தந்தது. இன்று பழைய கைக்கடிகாரம் ஒன்றின் ஓரத்தில் தூரமானியின் எண்களைக் காண்போர், அவ்வெண்களுக்கு அடியில் கோல்டிங்காம் போன்றார் பலருடைய உழைப்பு உள்ளதென்பதை மறவாதிருப்பராக.

எல்லையும் பெருமையும்

இக்கருவியின் குறையையும் மறைத்தல் முறையன்று. வினாடிக்கு 5 முறை ஆடும் கடிகாரம் வினாடியில் ஐந்தில் ஒரு பங்கினும் நுண்ணிய நேரத்தைக் காட்டாது. 1932ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் பந்தயங்களுக்கு ஓமேகா நிறுவனம் அனுப்பிய 30 கைப்பிடிக் கடிகாரங்களும் வினாடியில் பத்தில் ஒரு பங்கு வரையிலேயே அளந்தன. அதே நகரில் 1984ஆம் ஆண்டு, 400 மீட்டர் தடையோட்டத்தில், நம் நாட்டு பி. டி. உஷா 55.42 வினாடியில் ஓடி முடித்தார். மூன்றாம் இடம் பெற்றவர்க்கு 55.41. நூற்றில் ஒரு பங்கு வினாடியால் நாடே ஒரு பதக்கத்தை இழந்தது. முள்ளும் பொத்தானும் அவ்விருவரையும் பிரித்தறிந்திரா. அந்நுட்பம் மின்பொறிக்கே உரியது.

1969ஆம் ஆண்டு இவ்வகையில் விந்தையானது. கையசைவினால் தானே சாவி ஏறும் பொழுதெழுதிகள் ஸ்விட்சர்லாந்திலும் ஜப்பானிலும் அவ்வாண்டிலேயே தோன்றின. அவ்வாண்டு ஜூலையில் ஆல்டிரின் சந்திரனில் இறங்கியபோது அவர் கையில் இருந்ததும் சாவி கொடுத்து ஓடும் பொழுதெழுதியே. அதே ஆண்டு டிசம்பரில் செய்க்கோ நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை முதன்முதலாக விற்பனைக்குக் கொணர்ந்தது. மணிக் கணக்கில் வில்லும் சக்கரமும் அதனோடு போட்டியிட இயலவில்லை. நம் நாட்டில் 1961இல் பெங்களூரில் தொடங்கி இல்லந்தோறும் கைக்கடிகாரம் வழங்கிய எச்.எம்.டி. நிறுவனத்தின் கடிகாரத் தொழிற்சாலைகளும் நாளடைவில் நலிந்து 2016இல் மூடப்பட்டன. 1984இல் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டா குழுவும் சேர்ந்து நிறுவிய ஓசூர் டைட்டன் தொழிற்சாலையோ குவார்ட்ஸையே பற்றி வளர்ந்தது.

ஆயினும் 1970 ஏப்ரலில் அப்போல்லோ 13 விண்கலம் பழுதுற்று, மின்வலியைச் சேமித்தற்பொருட்டுக் கணிப்பொறி அணைக்கப்பட்டிருந்தபோது, வழியைத் திருத்த இயந்திரத்தை 14 வினாடி மட்டும் இயக்க வேண்டியதாயிற்று. அப்பதினான்கு வினாடியையும் அளந்தது கையிற் கட்டிய பொழுதெழுதி. மூவரும் உயிருடன் மீண்டனர். தன் வலி முழுவதையும் தன் வில்லிலேயே கொண்டிருத்தலால், பிறிதொன்றன் உதவி அற்றபோதும் அஃது உதவிற்று.

பழுதுபடாமை என்பது யாது

இனி, பழைய பொழுதெழுதியை விரும்புவோர் அதன் பழைமையொன்றையே விரும்புவதில்லை. பழுதுபடாத பழைமையையே விரும்புகின்றனர். 2017ஆம் ஆண்டு நியூயார்க்கில், நடிகர் பால் நியூமன் அணிந்திருந்த ரோலெக்ஸ் பொழுதெழுதி 1 கோடியே 77 இலட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. அத்தொகை நம் சிந்தனைக்கு எட்டாதது. அதுபற்றி யாம் ஈண்டு எழுதப் புகவில்லை. பழுதுபடாமை என்றால் என்ன என்பதே நம் ஆராய்ச்சி.

புதியதுபோல் மின்னுவதே நன்னிலை எனப் பலர் கருதுகின்றனர். மும்பை முதலிய நகரங்களில் பழங்கடிகார முகத்தைச் சுரண்டி, புதிதாய் வண்ணம் பூசி, எழுத்தும் எண்ணும் மீண்டும் அச்சிட்டு விற்கும் தொழில் நடைபெறுகின்றது. அங்ஙனம் பூசிய முகங்களில் நாடிமானியின் எண்கள் கோட்டை விட்டு விலகி நிற்பதையும், எழுத்துகள் தடித்துக் கிடப்பதையும் கூர்ந்து பார்ப்போர் காணலாம். கணக்கிற்காக வரைந்த கோடு கண்ணிற்கான ஓவியமாகிவிடுகின்றது. மேலோட்டை இழைத்து மெருகிடுவோர், அதன் கூரிய விளிம்புகளையும் உருட்டிவிடுகின்றனர்.

தமிழ் பயிலும் எமக்கு இது புதிய கேடாகத் தோன்றவில்லை. ஏட்டுச்சுவடியிற் சிதைந்த இடத்தைத் தம் மனம்போல் நிரப்பினோர் நம்மிடையேயும் இருந்தனர். அவர்தம் பாட்டை இடைச்செருகல் என்கிறோம். 1894இல் புறநானூற்றையும் 1904இல் பதிற்றுப்பத்தையும் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், கிடையாத பாட்டைக் கிடையாதென்றே விட்டு, சிதைந்த அடிகளைப் புள்ளியிட்டுக் காட்டினார். பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் இறுதிப்பத்தும் இன்றளவும் இல்லை. அவ்வெறுமையை யாரேனும் நிரப்பியிருப்பின், எஞ்சிய எட்டுப் பத்தையும் நாம் ஐயுற்றிருப்போம். கோயிற் சுவர்களைத் தூய்மை செய்வதாக எண்ணி மணல்வீச்சுப் பொறியைப் பயன்படுத்திய இடங்களில், சுவர் வெளுத்தது, கல்வெட்டெழுத்துத் தேய்ந்தது. மூன்றிடத்தும் பிழை ஒன்றே: அழகுக்காகச் சான்றை அழித்தல்.

எம் ஊர்த் தேரடி வீதியில் கடிகாரம் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரிடம் யாம் கண்ட பொழுதெழுதி ஒன்றை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். அதன் கருமுகம் வெயிலாலும் ஆண்டுகளாலும் காப்பி நிறம் எய்தியுள்ளது. தூரமானி சிவப்பு வரியில், மயிரளவும் பிறழாமல் நிற்கின்றது. பின்மூடியைத் திறந்து அதன் உட்புறத்தை அப்பெரியவர் பூதக்கண்ணாடி வழியே எமக்குக் காட்டினர். அங்கே முன்னர்ப் பழுதுபார்த்தோர் ஊசிமுனையாற் கீறிய குறிகள் நான்கு இருந்தன. ஆண்டும் அடையாளமும் மட்டும். ஏட்டின் இறுதியில் எழுதியவர் தம் பெயரும் நாளும் பொறிக்கும் வழக்கம் எம் நினைவில் எழுந்தது. ஐந்தாவது குறி தம்முடையதாகும் என்றார் அவர். "முகத்தைப் புதுசா மாத்திக் குடுங்கன்னு அவங்க வீட்ல கேட்டாங்க, தம்பி. ரெண்டு நாள் வச்சுப் பாருங்க, அப்புறம் சொல்லுங்கன்னேன். இன்னும் வந்து கேக்கல" என்றும் கூறினர். அவ்வீட்டார் மீண்டும் வந்து கேட்பரோ, கேட்டால் அவர் என் செய்வரோ அறியோம். அக்கடிகாரத்தின் உண்மை அவ்விரண்டு நாட்பொறுமையில் தங்கியிருக்கின்றது.

காக்கும் முறை

இல்லத்துப் பெட்டியில் பாட்டனார் கடிகாரம் கிடப்பதாக அறியும் மாணவர்க்குச் சில குறிப்புகள் கூறுவோம். முதலாவது, நெடுநாள் ஓடாதிருந்த கடிகாரத்திற்கு உடனே சாவி கொடுத்தல் ஆகாது. உள்ளிருக்கும் எண்ணெய் பிசினாக உறைந்திருக்கும். அந்நிலையில் ஓட்டினால் அச்சுகள் தேயும். தேர்ந்தவர் ஒருவர் பிரித்துத் துடைத்து எண்ணெய் இட்ட பின்னரே ஓட்டுக. இரண்டாவது, நடுமுள் ஓடிக்கொண்டிருக்கும்போது கீழ்ப்பொத்தானை வலிந்து அழுத்தற்க. முதலில் நிறுத்துக, பின்னர்த் திருப்புக. முள் பூச்சியத்தில் நேரே வந்து நிற்குமாயின் உள்யந்திரம் பெரும்பாலும் நலமாக உள்ளதெனக் கருதலாம். மூன்றாவது, நம் நாட்டு வியர்வையும் மழைக்கால ஈரமும் பழங்கடிகாரத்திற்குப் பெரும்பகை. பொத்தான் துளை வழியே ஈரம் புகும். ஆதலின் மழையில் அணியாதிருத்தல் நன்று.

நான்காவது மிக இன்றியமையாதது. முற்காலத்தில் இருளிலே ஒளிரும்பொருட்டு முள்ளிலும் எண்ணிலும் ரேடியப் பூச்சிட்டனர். ஒளிரும் பொருள் சில பத்தாண்டுகளிற் கெட்டுப் போகும். ரேடியமோ பாதியாகக் குறைவதற்கே ஏறக்குறைய 1,600 ஆண்டு வேண்டும். ஆகவே இருளில் ஒளிராமை, கேடின்மைக்கு அடையாளமன்று. அப்பூச்சைச் சுரண்டுதலும் அதன் தூளைச் சுவாசித்தலும் தீங்காம். 1920களில் அமெரிக்க நாட்டிலே, தூரிகையை உதட்டாற் கூராக்கி இப்பூச்சைத் தீட்டிய இளம்பெண்கள் பலர் நோயுற்று மாண்டனர். அம்முகங்களின் அழகுக்கு அவர்கள் தந்த விலையையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

ஐந்தாவது, முகத்தை மாற்றாதீர், மேலோட்டை இழைக்காதீர். உடைந்த உறுப்பை மாற்ற நேர்ந்தால், பழைய உறுப்பைச் சிறு பொதியில் இட்டுக் கடிகாரத்துடன் வைத்திருங்கள்.

முடிவுரை

வள்ளுவர் காலமறிதல் எனத் தனியோர் அதிகாரமே வகுத்தனர். தம் நாட்களை எண்ணும் அறிவைச் சங்கீதக்காரர் ஆண்டவரிடம் வரமாக வேண்டினர். இருவரும் விரும்பியது காலத்தை வைத்துக்கொள்ளும் வல்லமையை அன்று. அஃது ஒருவர்க்கும் கிட்டாதது. எப்போது தொடங்கினோம், எப்போது முடித்தோம் என்பதை மெய்யாக அறிந்து நடத்தலையே விரும்பினர். பொழுதெழுதி செய்யும் உதவியும் அவ்வளவே. முள்ளைப் பூச்சியத்திற்கு அது திருப்பும். கழிந்த வினாடியைத் திருப்பாது. தான் கடந்துவந்த ஆண்டுகளை முகநிறத்திலும் மூடியின் கீறலிலும் மறையாது காட்டும் பழங்கடிகாரம், இவ்வுண்மையை இரட்டிப்பாக உரைக்கின்றது.

அத்தகைய ஒன்று நம் இல்லங்களில் உறங்குமாயின் அதனைத் தேடி எடுப்போம். யார் வாங்கினர், எந்நாளில் அணிந்தனர், எங்கே பழுதுபார்த்தனர் என்பவற்றை மூத்தோரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி அதனுடன் வைப்போம். மூத்தோர் இருக்கும்போதே கேட்டல் வேண்டும். கேட்பதற்குரிய காலமும் அளவுடையதே.